பிடோக் நீர்த்தேக்கக் கரை அறிவிப்பு: தூண்டில், கயாக் இரண்டுக்கும் என்ன எழுதலாம்?

கரையோர புளோக்

பள்ளி விடுமுறைக்கு முன்னால், சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வசிப்போர் கட்டமைப்பு ஒரு பக்க அறிவிப்பு தயாரிக்கிறது. நான்கு மொழியிலும் வரும், தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. வரைவில் இப்போது இருப்பதெல்லாம் தடைகள்தான்: ஒதுக்கிய இடத்தில் மட்டும் மீன்பிடிக்கவும், மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம், நீந்தாதீர், குப்பை போடாதீர். இதெல்லாம் கரையில் உள்ள பலகையிலேயே இருக்கிறது. அதையே மின்தூக்கிப் பக்கத்தில் மறுபடி ஒட்டி யாருக்கு என்ன பயன்? எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அறுந்த தூண்டில் நரம்பை என்ன செய்வது, மீனை எப்படித் திரும்ப விடுவது, கயாக்கை எப்படிக் கழுவுவது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிடோக் மட்டுமல்ல, கீழ் செலேத்தார், பாண்டான் நீர்த்தேக்கங்களின் பக்கம் உள்ளவர்களும் எழுதலாம்.

முள்ளும் நரம்பும்

நல்ல முயற்சி. தூண்டில் பக்கம் நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதல் வரி இரையைப் பற்றி இருக்கட்டும். நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு, அதாவது லூருக்கு, மட்டும்தான் அனுமதி. மண்புழு, இறால், கோதுமை மாவு உருண்டை எதுவும் கூடாது. காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். மீதி இரை அடியில் அழுகி நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். உயிருள்ள இரை தப்பினால் அங்கேயே குடியேறிவிடும். வலை வீசுவதும் கூடு வைப்பதும் கூடாது, கோலும் ரீலும் மட்டும்தான்.

அடுத்தது நரம்பு. தண்ணீரில் மிச்சமாகும் நரம்பு பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று போட்டதல்ல. கட்டும் முறையில் உள்ள கோளாறு. பலர் ரீலில் சுற்றும் மெயின் நரம்பாக 20 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டை, அதாவது பின்னல் நரம்பை, போடுகிறார்கள்; அதன் நுனியில் லூரோடு சேரும் துண்டு நரம்பான லீடரை மட்டும் 40 பவுண்டில் கட்டுகிறார்கள், தோமான் என்ற பெரிய விரால் வகை மீனின் பல் அறுத்துவிடும் என்று. லூர் அடியில் உள்ள மரக்கிளையில் மாட்டியதும் பலமாக இழுப்பார்கள். எங்கே அறும்? பலவீனமான இடத்தில். இங்கே பலவீனமானது மெயின் நரம்பு, அதனால் 20, 30 மீட்டர் பிரெய்டு ஒரேயடியாகத் தண்ணீரில் போய்விடும். மாற்றிக் கட்டினால் போதும். மெயின் 50 என்றால் லீடர் 40, அப்போது லூரோடு சேரும் முடிச்சில்தான் அறும். போவது லூரும் ஒரு சாண் நரம்பும் மட்டுமே.

மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். கோல் உடையும், இல்லையென்றால் லூர் விடுபட்டு நேராக முகத்துக்கு வரும். முதலில் நரம்பைத் தளர்த்திவிட்டு, பக்கவாட்டில் பத்து அடி நடந்து வேறு கோணத்திலிருந்து மெல்லச் சுண்டுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே விடுபடும். விடுபடாவிட்டால் கோலை மாட்டிய இடத்தை நோக்கி நேராகப் பிடித்து, நரம்பு சுற்றியுள்ள ஸ்பூலைக் கையால் அழுத்திக்கொண்டு, பின்னால் நடங்கள். பிரெய்டைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், தோலை எலும்புவரை அறுக்கும். ஒரு குச்சியில் சுற்றி இழுக்கலாம்.

முள்: லூரோடு வரும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். பத்து சென்டிமீட்டர் லூரில் இரண்டு மும்முள் என்றால் ஆறு முனை. மீன் வாயில் ஒன்று, கண்ணில் ஒன்று, உங்கள் விரலில் ஒன்று. முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள்ளை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்குங்கள். பஞ்சில் குத்தி இழுத்துப் பாருங்கள், இழை சிக்காமல் வந்தால் சரி. "மீன் நழுவிவிடும்" என்பார்கள். நரம்பு எப்போதும் இறுக்கமாக இருந்தால் நழுவாது.

தோபாயோ வாசகி

அறுந்த நரம்பைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் சரிதானே?

முள்ளும் நரம்பும்

முழுச் சுருளாகப் போடாதீர்கள், அக்கா. திறந்த தொட்டியைக் காக்கையும் மைனாவும் கிளறும், சுருள் காலில் மாட்டும். ஒரு சாணுக்கும் குறைவான துண்டுகளாக வெட்டி, மூடி உள்ள பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பைக்குழாயில் போடுங்கள். நம் வீட்டுக் குப்பை எரிஆலைக்குத்தான் போகிறது, அதோடு முடிந்தது. கரையில் வேறு யாரோ விட்ட நரம்பு கிடந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். செடியில் சிக்கியிருந்தால் இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டி எடுங்கள், இழுத்தால் பாதி உள்ளே தங்கிவிடும்.

பறவை பார்ப்பவர்

இந்த இடத்தில் நான் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. நாரையோ மீன்கொத்தியோ லூரில் மாட்டிக்கொண்டால் பயந்துபோய் நரம்பை வெட்டி விட்டுவிடுகிறார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. நரம்போடு பறக்கும் பறவை அடுத்த மரக்கிளையில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும், பசியில் சாகும். எவ்வளவு சத்தம் போட்டாலும் மெதுவாகக் கரைக்கு இழுங்கள். துண்டையோ சட்டையையோ தலைமேல் போட்டுக் கண்ணை மறைத்தால் அடங்கிவிடும். நாரையின் அலகு கண்ணைக் குறிவைத்துக் குத்தும், அதனால் முதலில் அலகைப் பிடியுங்கள், மூக்குத் துளையை மூடாமல். முள் மேலாகக் குத்தியிருந்தால் முனையை வெளியே தள்ளி வெட்டி எடுக்கலாம். விழுங்கியிருந்தால் தொடாதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600. உடும்பு, நீர்நாய் மாட்டினால் கிட்டவே போகாதீர்கள். எண்ணை அழைத்துவிட்டு மற்றவர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்வதே போதும். இந்த எண் அறிவிப்பில் பெரிய எழுத்தில் வரட்டும்.

செலேத்தார் வாசி

மீனைத் திரும்ப விடுவது பற்றி எழுதும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பீகாக் பாஸ் நம்மூர் மீனே இல்லை. அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப் பக்கத்து மீன். நம் சிறு மீன்களைத் தின்று கொழுக்கிறது. அதைப் பிடித்துப் பத்திரமாகத் திரும்ப விடச் சொல்வது நீர்த்தேக்கத்துக்கு நாமே செய்யும் கெடுதல் இல்லையா?

முள்ளும் நரம்பும்

கேள்வி நியாயமானது. ஆனால் பீகாக் பாஸ் இங்கே ஆழமாக வேரூன்றிவிட்டது. கரையில் நின்று தூண்டில் போடுபவர்கள் எடுக்கும் எண்ணிக்கையால் அதைக் குறைக்க முடியாது. பெரிய மீனாகப் பொறுக்கி எடுத்தால் நடுத்தர மீன்கள் பெருகும், அவைதான் சிறு மீனை இன்னும் அதிகம் தின்பவை. அதனால் அதைப் பற்றி அறிவிப்பில் கட்டளை போடாமல் விடுவது நல்லது. ஆனால் ஒன்று கண்டிப்பாக எழுதுங்கள்: பிடித்த மீனை உயிரோடு வாளியில் இன்னொரு நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பாதி வினை அப்படித்தான் பரவுகிறது.

செலேத்தார் வாசி

எனக்கு அது முழுதாக ஏற்புடையதல்ல. விடுவதா வேண்டாமா என்பதைச் சொல்லாமல் விட்டால், விடுவதுதான் சரி என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் வாளி விஷயத்தில் உடன்படுகிறேன். புதிதாக வந்து சேர்வதை நிறுத்துவதுதான் நம் கையில் உள்ளது. மேல் செலேத்தாரில் தென்னமெரிக்க மொட்டோரோ திருக்கை பெருகியது வீட்டுத் தொட்டியிலிருந்து வந்ததால்தான். லூஹான் என்ற தொட்டி மீன், செங்காது ஆமை, ஆஸ்திரேலிய சிவப்புநக நன்னீர் இறால், எல்லாம் அதே வழி. தொட்டி வைத்திருக்கும் வீடுகளைத்தான் அறிவிப்பு எட்ட வேண்டும். மீன் பெரிதாகிவிட்டால் வாங்கிய கடையிலேயே கேளுங்கள், அல்லது வளர்ப்போர் குழுவில் கொடுங்கள். நீர்த்தேக்கத்தில் விட்டால் 3,000 வெள்ளி வரை அபராதம். ஆமை மாதிரி விலங்குகளை விடுபவர்மீது வனவிலங்குச் சட்டத்தின்கீழ் 5,000 வெள்ளி வரை போடலாம். விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தொண்டூழியர்களோடு ரோந்து போவது இதற்காகத்தான். புண்ணியத்துக்கு விடுகிறவரிடம் ஒன்று சொல்லலாம்: தொட்டியில் வளர்ந்த மீனுக்கு இரை தேடத் தெரியாது, கடைத் தவளைக்கு வெயில் பழக்கமில்லை, பெரும்பாலானவை சில நாளில் சாகும்.

முள்ளும் நரம்பும்

சரி, விடுவது என்று தீர்மானித்தவர்கள் ஒழுங்காக விட வேண்டும். அதையாவது எழுதுவோம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை செதிள் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். வலை ரப்பர் பூசியதாக இருக்கட்டும். மீனை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் போடாதீர்கள், நண்பகலில் அது அடுப்புக் கல்தான். தாடையில் மட்டும் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பெரிய மீனின் தாடை மூட்டு பெயரும். மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். படம் எடுப்பவர் கேமராவைத் தயாராக வைத்த பிறகு மீனைத் தூக்குங்கள். உங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும் நேரமே மீனுக்கும் எல்லை. முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல் முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிடுங்கள்.

தோமான் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் குஞ்சுகள் ஒரு கொத்தாக மேலே வந்து குமிழி விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு இருக்கும். அந்தக் கொத்தின் நடுவே லூரைப் போட்டால் கோபத்தில் நிச்சயம் கவ்வும், அதனால்தான் பலர் அங்கே வீசுகிறார்கள். காவல் போன பத்து நிமிடத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைச் சூறையாடிவிடும். குஞ்சுக் கொத்தைக் கண்டால் லூரைத் திருப்பிக்கொண்டு வேறு இடம் போவதுதான் மரியாதை.

இன்னொன்று: பிடோக்கில் ஓட்டப் பாதை முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன் திரும்பிப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் தலைக்கு மேல் வீசாமல் பக்கவாட்டில், கோல் நுனி இடுப்பளவில் இருக்கும்படி வீசுங்கள்.

துடுப்புக்காரி

கயாக் பக்கம் நான் எழுதுகிறேன்.

காற்றடைத்த கயாக்கை வாங்கி எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம் என்று நினைக்கிறார்கள். கூடாது. அனுமதி பெற்ற மையம் வழியாகத்தான் இறங்க வேண்டும். பிடோக்கில் மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது, மெக்ரிட்சியில் கயாக் வாடகை இருக்கிறது. மிதவைச் சட்டை எடுக்கும்போது அளவைப் பாருங்கள். பட்டைகளை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்க வேண்டும். சட்டை தாடைவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரியது, தண்ணீரில் முகத்தை மறைத்துவிடும்.

இடி மின்னல்தான் இங்கே உண்மையான ஆபத்து. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிறது. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை சுமத்ரா புயற்காற்று விடிகாலையிலிருந்து நண்பகலுக்குள் திடீரென்று வரும். மேற்கே கறுத்த மேகம் தெரிந்த அரை மணியில் தலைக்கு மேல் இருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடித்தால் பத்து கிலோமீட்டருக்குள் என்று பொருள், உடனே கரையேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் இறங்க வேண்டாம். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். தூண்டில்காரர்களுக்கும் இது பொருந்தும்: கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், கரையில் அதை நீட்டிக்கொண்டு நிற்பது மின்னலுக்குக் கம்பி நட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

கவிழ்ந்தால் கயாக்கை விடாதீர்கள், அது மிதக்கும். துடுப்பை ஒரு கையில், கயாக்கை மறு கையில். கரைக்கு நீந்திப் போகலாம் என்று தனியாகக் கிளம்பியவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கரையோரச் செடிகளுக்கும் மிதக்கும் சதுப்புத் தட்டுகளுக்கும் குறைந்தது இரண்டு கயாக் நீளம் தள்ளியே போங்கள். கூடு அங்கேதான் இருக்கும். நீர்நாய்க் குடும்பம் நீந்தினால் துடுப்பை நிறுத்தி அவை கடக்கும்வரை காத்திருங்கள். குட்டி இருந்தால் பெரியது நேராக வரும்.

கழுவுவது: ஒரு நீர்த்தேக்கத்தில் பயன்படுத்திய கயாக், துடுப்பு, காலணி எதையும் அப்படியே இன்னொன்றுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஹைட்ரில்லா பாசித்தண்டு ஒரே ஒரு கணு இருந்தால் போதும், துளிர்த்துவிடும். முதலில் கரையிலேயே கவிழ்த்து வடிகால் துளைகளையும் இருக்கைக்கு அடியையும் பாருங்கள், ஒட்டியிருப்பதைக் கையால் எடுத்துக் குப்பைப்பையில் போடுங்கள். பிறகு குழாய் நீரில் அலசுங்கள், சோப்பு வேண்டாம். பிறகு வெயிலில் நன்றாகக் காய விடுங்கள், மடிப்புக்குள் ஈரம் இருந்தால் காயவில்லை என்று அர்த்தம். பக்கச் சுவரிலும் நாணலிலும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அது தங்க ஆப்பிள் நத்தை. சுரண்டிப் பையில் போட்டுக் குப்பையில் சேருங்கள். நம்மூர் ஆப்பிள் நத்தையின் முட்டை வெளுத்திருக்கும், அதைத் தொடாதீர்கள்.

சேற்றுநீர்

கரைக்கு வராதவர்களும் நீர்த்தேக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்பதை ஒரு வரியாவது எழுதுங்கள். இங்கே கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்பு. அங்கே காரைக் கழுவிச் சோப்பு நீரைக் கால்வாயில் விட்டால் அது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்.

ரொட்டி போடுவதும் அப்படியே. குழந்தைகள் மீனுக்கு ரொட்டி வீசுவது பார்க்க அழகாக இருக்கும். மீந்ததும் மீனின் கழிவும் பாசிக்கு உரம். கரையோரச் சேற்றில் உள்ள சிவப்புப் புழுக்களுக்கும் அதுவே தீனி. அந்தப் புழுதான் மாலையில் பால்கனி விளக்கைச் சுற்றி மொய்க்கும் கடிக்காத பூச்சி. பாண்டானிலும் பிடோக்கிலும் அந்தத் தொல்லையை அனுபவித்தவர்களுக்குப் புரியும்.

நம் ஆட்களுக்காக ஒன்று. பூசை முடித்த பூமாலை, தேங்காய், அகல்விளக்கைத் தண்ணீரில் விடுவது மரபு என்று சிலர் நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். மாலையில் உள்ள நைலான் நூலும் சரிகையும் நரம்பு செய்வதையே செய்யும், பூ அழுகும். இது குடிக்கும் நீர். நூலைப் பிரித்துப் பூவை வீட்டுச் செடித்தொட்டி மண்ணில் புதைக்கலாம், ஈரமண்ணில் சீக்கிரமே மக்கிவிடும்.

இன்னொன்று கவனிக்க வேண்டியது. பிடோக் ஒரு காலத்தில் மணல் தோண்டிய குழி, 1986இல் நீர்த்தேக்கமானது. ஆழமான நீர்நிலையில் மேலே சூடான அடுக்கு, கீழே ஆக்சிஜன் குறைந்த அடுக்கு. பலத்த காற்றும் குளிர்ந்த மழையும் இரண்டையும் கலக்கிவிடும். மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றால் அது எச்சரிக்கை. அன்று தூண்டில் போடாதீர்கள், மூச்சுத் திணறும் மீன் போராடினால் பிழைக்காது. செத்த மீன் கும்பலாக மிதந்தாலோ, பெயிண்ட் கொட்டியது போல் பச்சை ஆடை படர்ந்தாலோ, எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ பொதுப் பயனீட்டுக் கழகத்தை 1800-225-5782 எண்ணில் அழையுங்கள். நாள் முழுதும் எடுப்பார்கள். எந்த இடம் என்று கேட்பார்கள். அருகில் உள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் நேராக வருவார்கள்.

தோபாயோ வாசகி

தடை செய்த இடத்தில் மீன்பிடிப்பவரைப் பார்த்தால் நாமே சொல்லலாமா?

முள்ளும் நரம்பும்

ஒருமுறை பக்குவமாகச் சொல்லலாம். "அண்ணே, அந்தப் பக்கம் அனுமதி இருக்கிற இடம், அங்க மீனும் நல்லாக் கிடைக்கும்" என்று. பெரும்பாலும் நகர்ந்துவிடுவார்கள். முறைத்தால் விலகிவிடுங்கள். கோலும் முள்ளும் கையில் உள்ளவரோடு வாக்குவாதம் வேண்டாம். புகார் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் நேரம், கம்ப எண், ஒரு படம் போடுங்கள். முகத்தைப் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள், அது சண்டையாகத்தான் முடியும்.

கிராஞ்சி சாலை

தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் யார் படிப்பார்கள் என்று யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக்கும் செலேத்தாருக்கும் வருகிறவர்களில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் நிறைய. அவர்களுக்கு மீன்பிடிக்கத் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். தங்கூசியும் மண்புழுவும் மாவும் வைத்துக் குளத்தில் பிடித்து வளர்ந்தவர்கள். அங்கே அது தவறே இல்லை. "கூடாது, அபராதம்" என்று மட்டும் போட்டால் குற்றவாளியாக நினைக்கிறார்கள் என்று தோன்றும். "இது ஊர்க் குளம் போலத் தெரியும், ஆனால் நாம் எல்லாரும் குடிக்கும் தண்ணீர், அதனால் புழுவும் மாவும் வேண்டாம்" என்று எழுதுங்கள். லூர் விலை அதிகம் என்பது அவர்களுக்குப் பெரிய தடை. ஒரு ஈயத்தலை முள்ளும் ஒரு பாக்கெட் ரப்பர் புழுவும் போதும், மலிவாகவே கிடைக்கும் என்று சேர்த்துவிடுங்கள்.

பறவை பார்ப்பவர்

ஈயம் வேண்டாமே. டங்ஸ்டன் அல்லது இரும்புத் தலை உள்ளது கிடைக்கிறது. அடியில் தங்கும் ஈயக்கட்டியைச் சிறுகல் என்று நினைத்து நீர்ப்பறவை விழுங்கினால் மெல்ல நஞ்சாகும்.

கிராஞ்சி சாலை

சரி, இரும்பு என்று எழுதுங்கள். டங்ஸ்டன் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

கரையோர புளோக்

எல்லாருக்கும் மிக்க நன்றி. பீகாக் பாஸை விடுவதா வேண்டாமா என்பதை எழுதப் போவதில்லை, உயிரோடு வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை மட்டும் எழுதுகிறேன். செலேத்தார் வாசி மன்னிக்க வேண்டும். லீடர் கட்டுவதற்கும் மிதவைச் சட்டைச் சோதனைக்கும் படம் போடலாம். மொத்தமும் ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. கரைக் கம்பங்களிலும் ஒட்டலாமா?

துடுப்புக்காரி

கம்பத்தில் ஒட்டாதீர்கள், மழையில் நைந்து அதுவே தண்ணீரில் விழும், ஒட்டுவதற்கும் அனுமதி கிடையாது. தூண்டிலுக்கு ஒரு தாள், கயாக்குக்கு ஒரு தாள் என்று பிரியுங்கள். தூண்டில் தாளை நகர மன்றத்திடம் கேட்டு மின்தூக்கிப் பக்க அறிவிப்புப் பலகையில் போடுங்கள், கயாக் தாளை வாடகை முகப்பில் கொடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், மின்தூக்கி வரும்வரைதான் படிப்பார்கள்.